துளசியின் முகத்துக்கு எத்தனை புள்ளி

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என் புத்தக அட்டைப் படம் அச்சுக்குத் தேறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரிசெய்ய ஈப்போவில் பிரமிளாவின் படக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால், பீடோர் என்ற ஊரிலிருந்து வந்த கார்த்திகேசு நின்றிருந்தார். மகள் துளசி சாலை விபத்தில் இறந்துவிட்டாள். கருமாதிக்கு மாலை போட, சுவரில் மாட்டும்படி ஒரு படம் வேண்டும்.

2.
“மழை பெய்துகொண்டிருந்த ஈப்போவில் ஒரு பாசமுள்ள தந்தை...”

வேண்டாம். மழையும் இல்லை, மற்றதும் சந்தேகம். துளசி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதும், வீட்டில் எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி அவள் படங்களை அழித்தவர் இவர். சுவரில் இருந்ததை எரித்தார். மனைவி இருளாயி கெஞ்சியது காதில் ஏறவில்லை. மிஞ்சியது, உறவினர் அனுப்பிய ஒரு கல்யாணக் கூட்டப் படம். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. துளசி பின்வரிசையில் நிற்கிறாள்.

“துளசியோட வீட்டுக்காரர்கிட்ட நல்ல படம் இருக்கும்லா அண்ணே?” என்றாள் பிரமிளா.

“எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேப்பேன் தங்கச்சி?”

3.
“இதுல மூஞ்சி அறுபது பிக்சல்தான். தெளிவா அடிச்சா உளுந்து அளவுதான் வரும்.”

“பெருசா வேணும்மா.”

“பெருசாக்குனா கட்டம் கட்டமா உடைஞ்சிரும்லா.”

(தெளிவாக அச்சடிக்க அங்குலத்துக்கு முன்னூறு பிக்சல், அதாவது புள்ளி, என்பது கடைக் கணக்கு. முதல் வரைவில் சென்டிமீட்டருக்கு என்று எழுதித் தொலைத்தேன். துளசியின் முகம் எள்ளளவாகிவிட்டது. அலகு பிசகினால் செத்தவள் இன்னும் சிறுத்துப்போகிறாள்.)

4.
குறையும் புள்ளிகளைக் கணினியே இட்டு நிரப்புமாம். பிரமிளா தட்டினாள். திரையில் பளிச்சென்று ஒரு பெண் வந்தாள்.

“கண்ணு, மூக்கெல்லாம் கம்ப்யூட்டர் போட்டது. அவங்கதானான்னு நீங்கதான் சொல்லணும்.”

கார்த்திகேசு வெகுநேரம் பார்த்தார். “தெரியலையே...”

(இங்கே அவரை அழவைக்கப் பார்த்தேன். மறுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.)

படத்தை இருளாயிக்கு அனுப்பிவிட்டு அழைத்தார். ஒலிபெருக்கியில் அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“யாருங்க இந்தப் புள்ள?”

5.
முடிவு அ: மருமகன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். எழுதினேன், கடைவாசலைத் தாண்டி அவரை நகர்த்த முடியவில்லை.

முடிவு ஆ: யாரோ ஒருத்தியின் முகத்துக்கு இருளாயி விளக்கேற்றி...

இல்லை. அந்த அம்மாளுக்கு அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பிரமிளா அந்த முகத்தை அழித்தாள். “உள்ளதையே அடிச்சிரலாம் அண்ணே. சைஸ் சொல்லுங்க. இஞ்சா, சென்டியா?”

அவர் இரண்டு கைகளையும் நீட்டி அளவு காட்டப் பார்த்தார். அகல விரித்தார். குறுக்கினார். இன்னும் குறுக்கினார். மறுபடி விரித்தார். கைகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கைகள் எங்கே நிற்கட்டும்? நீங்களே சொல்லுங்கள். பிரமிளா காத்திருக்கிறாள்.