ரெங்கம்மாள் திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் ரெங்கம்மாளுடையது அல்ல, என்னுடையது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதிக் கதையில் கண்டுபிடித்து யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

என் பெயர் ராஜமணி. கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் தட்டச்சு நிலையம் வைத்திருக்கிறேன். காலையில் பிள்ளைகள் வந்து விரல் பழகுவார்கள். பத்து மணிக்கு மேல் மனு எழுத ஆட்கள் வருவார்கள்: பட்டா, பென்ஷன், பாஸ்போர்ட், விசா. நடுநடுவே கதையும் எழுதுகிறேன். அவற்றைப் பத்திரிகைக்காரர்கள் படித்தார்களா என்பதே சந்தேகம். மனுக்களைத்தான் அதிகாரிகள் உட்கார்ந்து வரி விடாமல் படித்திருக்கிறார்கள்.

1999 ஆவணியில் ரெங்கம்மாள் மாடியேறி வந்தார். வயது நாற்பத்தேழு, செம்மறி ஆடு மேய்க்கிறவர். ஒரே மகள் முத்துசெல்வி கல்யாணமாகி வெளிநாட்டில் இருந்தாள். தை மாதம் பிரசவம். இதற்கு முந்தைய கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் மாதவனுக்குக் கம்ப்யூட்டரில் வேலை. 2000 பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று உலகமே கிலி பிடித்துக் கிடந்த நேரம் அது. அவனுக்கு ஒருநாள் லீவு கிடையாது.

“ஒரு வாய் வெந்நி வச்சிக் குடுக்க ஆளில்ல அண்ணாச்சி. நான் போயாகணும்” என்றார் ரெங்கம்மாள்.

(எந்த நாடு என்று எழுத மாட்டேன். எனக்கும் என்றைக்காவது விசா வேண்டியிருக்கும்.)

2

கதையை எப்படித் தொடங்குவது என்று ஒரு வாரம் திண்டாடினேன்.

‘கரிசல் பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் ஒரு பெண், தோளில் கம்புடன்…’ வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதை என்றாலே நிலம் வெடித்தே தீர வேண்டுமா? அந்த வருஷம் ஆவணியிலேயே ஒரு மழை பெய்திருந்தது.

‘புருஷனைப் பறிகொடுத்த ரெங்கம்மாளுக்கு மகளைத் தவிர…’ இதையும் அடித்துவிட்டேன். அடிக்க வைத்தவர் ரெங்கம்மாள். எழுதியதைப் படித்துக் காட்டியபோது எழுந்து நின்றுவிட்டார்.

“எம் புருசன் இராமச்சந்திரன் கல்லு மாதிரி இருக்காரு. இப்பக்கூட கீழ டீ குடிச்சிட்டு நிக்காரு. அவரை எதுக்குக் கொல்லுதீரு?”

“கதைக்குக் கொஞ்சம் அழுத்தமா இருக்கட்டும்னுதான் யக்கா.”

“ஒம்ம அழுத்தத்துல இடி விழ. நான் போற மூணு மாசமும் ஆட்டை யாரு பாப்பா? அவருல்லா பாக்கணும்!”

ஆகவே இராமச்சந்திரன் உயிரோடு இருக்கிறார். கீழே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இனி இந்தக் கதைக்குள் வரமாட்டார், ஆனால் இருக்கிறார்.

3

பொய்க்கு வருகிறேன்.

விசாப் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “ஆடு மேய்க்கேன்” என்றார். என் விரல் விசைமேல் அப்படியே நின்றது. அதை அடித்தால் அந்த ஊர்க்காரன் என்ன நினைப்பான்? மகள் பட்டப்படிப்பு, மருமகன் இன்ஜினியர். கொஞ்சம் மதிப்பாக இருக்கட்டும் என்று ‘ஹவுஸ் ஒய்ஃப்’ என்று அடித்துவிட்டேன். அவரிடம் சொல்லவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இதைப் பொய் என்றே யாரும் நினைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில், பெட்டிக்கடை வைத்திருப்பவரைத் தொழிலதிபர் என்று போடுவோம். ஆறாவதில் பள்ளியை விட்டு நின்ற மாப்பிள்ளைக்கும் பெயருக்குப் பின்னால் ஏதாவது இரண்டு எழுத்தைச் சேர்ப்போம். அது அவர்களுக்குச் செய்கிற மரியாதை. அந்தப் பழக்கத்தில்தான் ரெங்கம்மாளுக்கும் மரியாதை செய்தேன். நாசமாய்ப் போன மரியாதை.

பாஸ்போர்ட்டிலும் என் கைவரிசை உண்டு. பிறந்த தேதி கேட்டதற்கு, “பசுவந்தனையில கிடை கெடந்தப்ப பொறந்தேனாம்” என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அவர்கள் வீட்டு ஆடுகள் ஒவ்வொரு வருஷமும் சித்திரை ஏழாம் தேதிதான் பசுவந்தனைக் காட்டில் போய் அடையும். அதை வைத்து 1952 ஏப்ரல் 20 என்று எழுதி, வக்கீலிடம் கையெழுத்து வாங்கினேன். இந்தத் தேதியை மட்டும் நான் மனசாரச் சொல்வேன், எவன் கேட்டாலும்.

4

புரட்டாசியில் ரெங்கம்மாள் விசா நேர்முகத்துக்குச் சென்னை போய்விட்டு மறுநாளே என் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு சின்னத் தாள். நிராகரிப்பு. அங்கே நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன். இதில் என் கைச்சரக்கு ஒன்றும் இல்லை.

“ஒரு கண்ணாடி. அதுக்கு அங்கிட்டு ஒரு வெள்ளைக்காரப் பிள்ள, பக்கத்துல தமிழ் பேசுத ஒரு பொம்பள. என்ன வேல பாக்குதீங்கன்னு கேட்டா. ஆடு மேய்க்கேன்னேன். தாளைப் பாத்தா. வீட்டுல இருக்கதா எழுதியிருக்குன்னா. எழுதுனது அண்ணாச்சி, மேய்க்கது நான்னு சொன்னேன்.”

“சரிதான், பொழப்பு போச்சு” என்றேன்.

“எத்தன ஆடுன்னா. நூத்திப்பத்து. பத்திரம் இருக்கான்னா. ஆட்டுக்கு ஏது பத்திரம்? காதுல கீறி அடையாளம் வச்சிருக்கோம், வந்து பாத்துக்கோன்னேன். திரும்பி வருவீங்கங்கதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டா. ஏழு பேருகிட்ட வெத்தல வாங்கியிருக்கேன்னேன். அந்தத் தமிழ்ப் பொம்பளயே முழிச்சா. என்னத்தச் சொன்னாளோ, தாளக் குடுத்து அனுப்பிட்டாவ.”

வெற்றிலை விஷயம் இதுதான். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் ஆடுகளைக் கொண்டுபோய் அடைத்துப் போடுவதற்குக் கிடை என்று பெயர். புழுக்கையும் மூத்திரமும் விழுந்தால் அந்த நிலத்துக்கு வேறு உரமே வேண்டாம். கிடை கலைந்து கிளம்பும்போது, நிலத்துக்காரர் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து வெற்றிலை பாக்கு கொடுப்பார். வாங்கினால் வாக்கு. அதன் பிறகு அந்த ஆடு வேறு காட்டில் படுக்காது. ரெங்கம்மாள் குடும்பத்தில் ஒரு வருஷம்கூட இது தவறியதில்லை.

இதை அந்தப் பெண் அதிகாரியிடம் இரண்டே நிமிஷத்தில் கண்ணாடி வழியாக எப்படிச் சொல்வது? என்னாலேயே ஒரு முழுப் பத்தி இல்லாமல் முடியவில்லை.

போகும்போது ரெங்கம்மாள் படியில் நின்று திரும்பினார்.

“ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. ஆடு மேய்க்கது ஒமக்கு அம்புட்டுக் கேவலமாத் தெரியுதா?”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கதையை எழுதுவதற்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு காரணமும் கிடையாது.

5

இந்த இடத்தில் கதாநாயகி மனமுடைந்து உட்கார வேண்டும். நானும் ஒரு பக்கம் அழ வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. மூன்றாம் நாள் அவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, “மறுக்கா எழுதும்” என்றார்.

“ஒருக்கா பொய்னு கண்டுபிடிச்சிட்டா, மறுபடி நம்ப மாட்டாங்க யக்கா.”

“நம்பட்டும், நம்பாம போகட்டும். ஆடு மேய்க்கேன்னு எழுதும். கொட்டை எழுத்துல எழுதும்.”

வெற்றிலை கொடுத்த ஏழு பேரில் லிங்கராஜும் ஒருவர். இந்த ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, பசுவந்தனையில் முப்பது ஏக்கர் இருக்கிறது. நானும் ரெங்கம்மாளும் அவரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டதுமே லெட்டர்பேடை எடுத்தார்.

“எங்க கம்பெனியில சூப்பர்வைசர்னு எழுதித் தாரேன். மூணு மாசம் லீவு குடுத்திருக்கோம்னு போடுதேன். நம்ம கம்பெனி சீலப் பாத்தா விசா குத்திருவான்.”

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. (புத்தி வரவில்லை, பார்த்தீர்களா?)

“ஒங்க ஆபீசுல ஒரு பெட்டிகூட நான் ஒட்டுனதில்ல மொதலாளி” என்றார் ரெங்கம்மாள். “எப்படி ஒட்டுவீகன்னு அந்தப் பிள்ள கேட்டா நான் எங்க போயி முழிக்க? நீங்க எனக்கு வெத்தல குடுத்தீங்கள்லா? அதை எழுதுங்க. அது நெசம்.”

லிங்கராஜ் லெட்டர்பேடில் அடுத்த தாளைப் புரட்டினார். பிறகு எழுதினார்: ‘வருகிற சித்திரை ஏழாம் தேதி என் நிலத்தில் கிடை போடுவதாக ரெங்கம்மாள் வெற்றிலை வாங்கியிருக்கிறார். அவர் வராவிட்டால் என் முப்பது ஏக்கரும் உரமில்லாமல் கிடக்கும். வருவார்.’

அந்தக் கடைசிச் சொல்லை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மற்ற ஆறு பேரும் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்கள். தவசி என்பவர் மட்டும் கைநாட்டு வைத்துவிட்டு, “எங்காட்டுல பதினெட்டாம் தேதின்னு தனியா எழுதுங்க, மொதலாளி தேதியில என்னைச் சேத்துராதீக” என்று நின்றார். எழுதினேன்.

6

விமானம் இந்தக் கதைக்குள் வரவே மாட்டேன் என்றது. விசாவுக்கு டிக்கெட் காட்டச் சொன்னார்கள், டிக்கெட்டுக்கு விசா காட்டச் சொன்னார்கள். மதுரையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சுகுணா போனில் கத்தினாள்.

“அண்ணாச்சி, ஏழு நாள்தான் பிடிச்சு வைப்பேன். எட்டாவது நாள் கம்ப்யூட்டரே தூக்கி எறிஞ்சிரும். இப்ப மூணாவது தடவை.”

மார்கழி பிறந்தது. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம். விசா நேர்முகத்துக்குத் தேதி கிடைத்தது, டிசம்பர் கடைசி வாரம். அதற்குப் பிறகு எந்த விமானத்திலும் இடமில்லை என்றாள் சுகுணா. மறுநாள் அவளே கூப்பிட்டாள். முப்பத்தொன்றாம் தேதி விமானத்தில் மட்டும் எத்தனை சீட் வேண்டுமானாலும் இருக்கிறதாம். வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர் குழம்பி விமானம் நடுவானில் நின்றுவிடும் என்று பயந்து எல்லாரும் ரத்து செய்கிறார்களாம்.

ரெங்கம்மாளிடம் சொன்னேன்.

“அந்தக் கம்ப்யூட்டரச் சரி பண்ணுதது யாரு? எம் மருமகன்தான? அவன் பாத்துக்கிடுவான். போடச் சொல்லும்” என்றார்.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் விசா கிடைக்கிறது. விமான நிலையத்தில் மாதவன் மாமியாருக்குக் குளிர்ச் சட்டை போட்டுவிடுகிறான், ஆஸ்பத்திரியில் குழந்தை அழுகிறது, நீங்களும் அழுகிறீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சீல் விழுந்ததற்கு நாம் இவ்வளவு நன்றியோடு அழுதால் அடுத்த தடவையும் அவர்கள் இப்படித்தான் நிற்க வைப்பார்கள்.

இரண்டாவதில் கிடைக்கவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு ரெங்கம்மாள்… அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. முடிக்கவும் மாட்டேன்.

மூன்றாவதில் அந்த அதிகாரிப் பெண்ணே ஒருநாள் பசுவந்தனைக்கு வந்து, கிடைக்கு நடுவே நின்று, ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்து… சீ, தூ. படித்துக் காட்டியபோது ரெங்கம்மாள் சிரித்த சிரிப்பில் கீழே டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று மட்டும் சொல்கிறேன். 2000 சித்திரை ஏழாம் தேதி காலையில் நான் பசுவந்தனைக்குப் பஸ் ஏறிப் போனேன். லிங்கராஜின் காட்டில் கிடை கிடந்தது. ரெங்கம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றார். இதை வைத்து நீங்கள் எதையும் கண்டுபிடிக்க முடியாது. விசா கிடைத்துப் போய்விட்டு வந்திருந்தாலும் அவர் அங்கேதான் நிற்பார், போகவே விடாமல் தடுத்திருந்தாலும் அங்கேதான் நிற்பார். அவர்கள் கேட்ட ஆதாரம் அது ஒன்றுதான். அது டிசம்பரில் யாரிடமும் இருக்காது.

8

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். டிசம்பர் கடைசி வாரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், உங்களுக்குத் தமிழ் தெரியும். அந்த அதிகாரியைப் போல இல்லாமல், வெற்றிலை என்றால் என்ன என்றும் இரண்டே நிமிஷத்தில் உங்களுக்குப் புரியும்.

ரெங்கம்மாள் வந்து நிற்கிறார். தொழில் என்ற கட்டத்தில் ‘ஆடு மேய்ப்பவர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே ஆறு கையெழுத்தும் ஒரு கைநாட்டும். முப்பத்தொன்றாம் தேதி டிக்கெட்டைச் சுகுணா இன்று சாயங்காலம் வரைதான் பிடித்து வைத்திருப்பாள். முத்துசெல்வி அங்கே படுத்திருக்கிறாள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கேளுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

அவர் கண்ணாடிக்குக் கிட்டே குனிகிறார்.

“எம் மகளுக்குப் பிள்ள பெறந்து, அவ எந்திரிச்சு நடக்கது வரைக்கும்தான் எனக்கு அங்கன சோலி. பெறவு என் ஆடு இங்கனதான கெடக்கு. நீயும் ஒரு நா ஒன் ஊருக்குத் திரும்பிப் போவேல்லா? போவேன்னு யாருகிட்டயாவது ஆதாரமா குடுத்துட்டு வந்த?”

சீல் உங்கள் கையில் இருக்கிறது. பின்னால் வரிசை நீளமாக நிற்கிறது. குத்துங்கள்.