றஸ்னாவின் பேரில் ஒரு லைன்

அந்த அறைக்கு மூன்று சட்டம். பகலில் லைட் போடக்கூடாது. தண்ணீர்க் குழாயை நூல் மாதிரித்தான் திறக்க வேண்டும். கதவை ஆர் தட்டினாலும் திறக்கக்கூடாது. சட்டம் போட்டது வீட்டுக்காரன் இல்லை, றஸ்னாவின் புருசன் முஸ்தாக். வீட்டுக்காரனுக்கு றஸ்னா என்று ஒருத்தி அங்கே இருப்பதே தெரியாது என்றுதான் இவர்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் பேர் புண்ணியமூர்த்தி. கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பு. முப்பத்தைந்து வருசத்துக்கு முன்னம் இங்கிலாந்துக்கு வந்து, லூட்டனில் ஒரு வீடு வாங்கி, தனியாக இருக்கிற மனிசன். விடியச் சாமம் எழும்பிப் பெற்றோல் செட்டுக்கு வேலைக்குப் போவார், பின்னேரம் மூன்று மணிக்கு வருவார். பின் வளவில் சாமான் போட்டு வைத்திருந்த கொட்டிலுக்குச் சுவர் எழுப்பி, ஒரு மூலையில் கக்கூசு வைத்து, அதை அறை என்று முஸ்தாக்குக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஆள் ஒண்டுதான். பொண்டாட்டி வந்தால் அறையை விட வேண்டும்.

மாசி மாதம் றஸ்னா வந்தாள். விசாவில் குற்றமில்லை, குற்றமெல்லாம் அறையில்தான். முஸ்தாக் ஏறி இறங்காத வீடில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி வருகிறாள் என்றதும், எல்லோரும் முகத்தைச் சுழித்துக்கொண்டு அறை போய்விட்டது என்றார்கள். பாலமுனையில் உழவு மிசின் ஓட்டினவன் அவன். சேற்றில் மிசின் புதைந்தால் தோளைக் கொடுத்துத் தூக்குவான். இங்கே வயோதிபர் இல்லத்தில் நடக்க மாட்டாத கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறான். காலை ஏழுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் விடுவார்கள். வேலை நேரத்தில் கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அவசரம் என்றால் இல்லத்து நம்பருக்குத்தான் எடுக்க வேண்டும்.

எடுக்கிறதுக்குச் சிக்னல் வேண்டுமே. குளிர் வராமலிருக்க அந்தச் சுவருக்குள் வெள்ளித்தகடு ஒட்டின அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அது குளிரை மறித்த மாதிரியே சிக்னலையும் மறித்தது. கதிரையில் ஏறி ஜன்னலின் மேல் மூலையில் ஃபோனைப் பிடித்தால் ஒரு கோடு வரும், போகும்.

எட்டாம் மாதக் கடைசியில் ஒருநாள் காலையில் றஸ்னா இரத்தத்தைக் கண்டாள். கதிரையில் ஏறி, ஒரு கையால் ஜன்னல் கட்டையையும் மறு கையால் ஃபோனையும் பிடித்துக்கொண்டு, இல்லத்து நம்பருக்குப் பதினொரு தரம் அடித்தாள். பதினோராம் தரம்தான் விழுந்தது; முஸ்தாக் ஓடிவந்து அவளைக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் இனி ஒரு சொட்டுக் கண்டாலும் உடனே அழைக்க வேண்டும், நேரம் போனால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று அந்த வெள்ளைக்கார மருத்துவிச்சி முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் முஸ்தாக் வீட்டு இணைப்பு எடுப்பதென்று முடிவெடுத்தான்.

அதற்கு முன்னம் புண்ணியமூர்த்தியிடம் அவருடைய வைஃபையைக் கேட்டுப் பார்த்திருக்கிறான். அது குசினிச் சுவரோடு நின்றுவிடும் தம்பி என்று அவர் கதையை முடித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஜன்னலடியில் நின்று ஃபோனில் தேடினார்கள். கம்பனி மட்டும் பதினாலு. ஊரில் என்றால் ஒரு கந்தோர், ஒரு படிவம், ஏணியோடு ஒரு ஆள், முடிந்தது. இங்கே ஒவ்வொருவனும் ஒவ்வொரு வேகம் சொன்னான். அதிகம் பேர் இருபத்துநாலு மாத ஒப்பந்தம் கேட்டார்கள்.

"இருபத்துநாலு மாசமா? புள்ள பிறந்து நடந்து கதவத் துறந்து ஓடிருமே," என்றாள் றஸ்னா.

"அதுக்குள்ள நம்மள அடிச்சித் துரத்தாட்டி," என்றான் முஸ்தாக். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புச் சத்தமும் வெளியே போகக்கூடாது.

கடைசியில் மாதா மாதம் கட்டி, வேண்டாமென்றால் நிப்பாட்டக்கூடிய ஒன்றைப் பிடித்தான். தபால் குறியீட்டைப் போட்டதும் தெருவில் உள்ள வீடுகளின் இலக்கங்கள் வரிசையாக வந்தன. பின் வளவு அறை அதில் இல்லை. எப்படி இருக்கும்? அப்படியொரு அறை இருப்பதாக எந்தக் கடதாசியிலும் இல்லையே. முஸ்தாக் முன் வீட்டு இலக்கத்தையே தொட்டான். ஏற்கெனவே உள்ள லைனை மாற்றவா, புதிதா என்று கேட்டது. புதிது. பேர் என்ன என்று கேட்டது. றஸ்னா முத்தலிப் என்று அடித்தான்.

ஏன் அப்படி அடித்தான் என்று பிறகு கேட்டால் அவனுக்கே விளங்கவில்லை. அடிக்கும்போது றஸ்னாவும் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கும் அது ஒரு விசயமாகப் படவில்லை. ஊரில், அந்தக் கிழக்குக் கரையில், வீடு பெண்ணுக்கு. றஸ்னாவின் வாப்பா முத்தலிப் அரிசி ஆலையில் மூட்டை சுமந்து, முதுகெலும்பு வளைந்து, மகளுக்கென்று வீடு கட்டினார். கலியாணத்தன்று முஸ்தாக் ஒரு சூட்கேசோடு அந்த வீட்டுக்கு வந்தவன். கரண்ட் பில், தண்ணி பில், எல்லாம் றஸ்னா பேரில்தான். வீட்டுச் சாமான் ஒன்றைத் தன் பேரில் எழுதுகிற பழக்கம் அவன் கைக்கு இல்லை. விரல் தானாகப் போய்விட்டது.

பெட்டியொன்று தபாலில் வரும், சுவரில் குத்தினால் சரி என்றுதான் நினைத்தான். திங்கள் இரவு வேலை முடிந்து ஃபோனைத் திறந்தபோது செய்தி கிடந்தது. நாளைக் காலை எட்டிலிருந்து ஒரு மணிக்குள் வேலையாள் வருவார், றஸ்னா முத்தலிப் வீட்டில் இருக்க வேண்டும்.

முஸ்தாக்குக்கு முகம் செத்துப்போய்விட்டது. நிப்பாட்டுவதற்குக் கம்பனிக்கு அடித்தான். பாட்டுப் போட்டார்கள். வளவு மதிலோரம் குந்திக்கொண்டு முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்டான். பிறகு லைன் அறுந்துபோனது. உள்ளே வந்து, பயப்பட ஒன்றுமில்லை, மூர்த்தியர் வேலைக்குப் போயிருப்பார், வருகிறவன் தட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுவான், நீ அசையாமல் இரு என்று அவளுக்குச் சொன்னான். சொல்லிவிட்டு இரண்டு தரம் கக்கூசுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை றஸ்னா திரைச்சீலையின் ஓரத்தால் பார்த்தாள். மூர்த்தியின் கார் முற்றத்தில் நின்றது.

எட்டு மணியாகியும் நின்றது. குசினிக்குள் அவர் நடமாடுவது தெரிந்தது, கேத்தல் இரைந்தது. இன்றைக்கென்று லீவு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினாள், பாதியில் வரிசை பிசகி மறுபடி தொடக்கத்துக்கு வந்தாள்.

பத்தேகாலுக்கு வான் ஒன்று வந்து நின்றது. முன் கதவு மணி அடித்தது. இரண்டு குரல். ஒன்று வெள்ளைக்காரனுடையது, மற்றது மூர்த்தியுடையது. இங்கிலீசு அவளுக்கு ஓடவில்லை. ஆனால் அந்தக் குரல் அவள் பேரைச் சொன்னது ஓடியது. இந்த வீட்டில் அவள் பேரைச் சத்தம் போட்டுச் சொன்ன முதல் ஆள் அவன்தான். இரண்டாம் தரமும் சொன்னான். ஊரில் சண்டைக் காலத்தில் வாசலில் நின்று பேர் சொல்லிக் கேட்டு வந்த ஆட்களைப் பற்றி உம்மாமார் குரலைத் தாழ்த்திக் கதைத்ததெல்லாம் ஒன்றாக நெஞ்சுக்குள் வந்து நின்றது.

வான் போய்விட்டது. பிறகு செருப்புச் சத்தம். முற்றத்துக் கல்லில் ஒவ்வொரு அடியாக வந்து கதவடியில் நின்றது.

அவர் தட்டவில்லை. கொஞ்ச நேரம் மூச்சுத்தான் கேட்டது.

"றஸ்னா எண்டுறது நீதானே, புள்ள," என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை உள்ளே ஒரு உதை உதைத்தது.

"நீ துறக்க வேணாம். அங்கினயே இருந்து கேளு. உன்ட புருசன் வேலையில நிக்கக்குள்ள பின்னேரம் நாலு மணிக்குச் சொதி மணக்குதே, ஆர் வைக்கிற, ஜின் பேயா? நாலு மாசமா எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தன். தெரியாட்டி எனக்குப் பயமில்லைதானே. இப்ப வாசலுக்கு ஆள் வந்து பேரைச் சொல்லுறான். என்ன செய்யிற?"

றஸ்னா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையால் இறங்கி மடியில் விழுந்தது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். வந்தவனிடம் அது தன் மகள், கலியாணம் முடித்து வீடு மாறிவிட்டாள் என்று பொய் சொல்லி அனுப்பினாராம். அவனைப் பின்னுக்கு விட்டிருந்தால் அறையைக் கண்டிருப்பான். கண்டு கவுன்சிலுக்கு ஒரு வார்த்தை போனால் அறையையும் இடிப்பார்கள், இவரையும் கோட்டுக்கு ஏற்றுவார்கள். அறைக்கும் கடதாசி இல்லை, உனக்கும் இந்த வீட்டில கடதாசி இல்லை, ரெண்டையும் சேத்து ஒரு கடதாசியில எழுதிக் குடுத்திருக்கான் உன்ட புருசன் என்றார்.

"நானும் அந்தக் கரைதான். என்ட பாண்டிருப்பு வீடும் பொண்டாட்டிட பேரிலதான் கிடந்தது. அவ என்னை வேணாமெண்டு சொன்ன அண்டைக்கு, உடுப்புப் பையோட றோட்டில நிண்டன். அதாலதான் இதை என்ட பேரில மட்டும் எழுதினன். உன்ட ஆள் இங்க வந்தும் திருந்தல்ல." அவர் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு குரல் மாறியது. "எத்தினையாம் மாசம்?"

"ஒன்பது நடக்கிது," என்றாள். கதவுக்கு வெளியே நின்ற ஒருவருக்கு அந்த அறையிலிருந்து அவள் சொன்ன முதல் சொல் அது.

"என்னத்துக்கு லைன்?"

இரத்தம் கண்டதையும் கதிரையில் ஏறினதையும் கதவுக்குப் பின்னாலிருந்து விட்டு விட்டுச் சொன்னாள். அவர் திரும்பிப் போனார். முடிந்தது, சூட்கேசை எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள். எடுத்து உடுப்பை அடுக்கவும் தொடங்கிவிட்டாள். பிள்ளைக்கு உம்மா அனுப்பின தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் குசினி ஜன்னலுக்குள்ளால் ஒரு நீல வயர் வெளியே வந்தது. உடுப்புக் காயப் போடுகிற கொடியில் சுற்றி, அறைக் கதவின் கீழ் இடுக்கால் உள்ளே தலையை நீட்டியது. கூடவே ஒரு சின்னப் பெட்டி.

"இதக் குத்து. என்ட வைஃபைப் பெட்டியிலிருந்து வருது. இது ஆருட பேரிலயும் இல்லை," என்றார் வெளியே நின்று. "புள்ள பிறந்து நாப்பது கழியும் மட்டும் இருங்க. உங்கட ஆக்களுக்கு நாப்பது எண்டு தெரியும். நாப்பத்தோராம் நாள் இந்த அறை வெறுமையாக் கிடக்கணும். அண்டைக்கு எனக்குக் கண்ணீர் காட்டப்படாது."

பின்னேரம் நாலு மணிக்கு றஸ்னா கட்டிலில் இருந்தபடியே உம்மாவுக்கு வீடியோ எடுத்தாள். அங்கே இராச் சாப்பாடு முடிந்து சல்மா உம்மா பாயில் சாய்ந்திருந்தா. படம் அறுபடாமல் வந்தது. உம்மா முதலில் வயிற்றைக் காட்டச் சொன்னா, பிறகு அறையைக் காட்டச் சொன்னா. றஸ்னா திரைச்சீலை உள்ள பக்கத்தை மட்டும் காட்டினாள்.

"லைன் எடுத்தாச்சா? உன்ட பேரிலதானே?"

"ஓம் உம்மா."

உம்மா திரும்பிப் பக்கத்தில் கிடந்த வாப்பாவுக்கு, மகள்ட பேரிலதானாம் என்று சொல்வது கேட்டது. வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். றஸ்னா ஃபோனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

முஸ்தாக் எட்டரைக்கு வந்து நடந்ததைக் கேட்டான். கேட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்து, நாற்பது நாளில் எங்கே போவது என்று ஒரு தரம் கேட்டான்.

ஒன்பது மணிக்குச் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது. பிடுங்கிக் குத்தினான், வயரை ஆட்டினான். ஒன்றுமில்லை. றஸ்னா திரையை விலக்கிப் பார்த்தாள். குசினியில் மூர்த்தி சுவர்ப் பிளக் ஒவ்வொன்றாக நிப்பாட்டிக்கொண்டு வந்தார். படுக்கப் போகுமுன் எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டுகிற பழக்கம் அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. அவளுடைய வாப்பாவும் அப்படித்தான், இடி மின்னலுக்குப் பயம்.

"வாற கிழமையிலிருந்து ஒங்களுக்கு இரவு வேலை," என்றாள்.

இரவில் தனியே இரத்தம் கண்டால் அழைக்க லைன் இராது என்று அவள் சொல்லாததும் முஸ்தாக்குக்கு விளங்கியது. ஆனாலும் கையைப் பிடித்தான். மனிசன் தந்ததே பெரிய காரியம், இன்றைக்கே போய் இன்னொன்று கேட்டால் எரிச்சலில் நாற்பதையும் பிடுங்கிவிடுவான், நாலு நாள் போகட்டும் என்றான்.

"அது நாலு நாளைக்கி வயித்துக்குள்ள பாத்துக்கொண்டு இரிக்குமா?"

அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். ஆனி மாதத்து வெளிச்சம் இன்னும் முற்றத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டு மேல் ஜன்னலில் ஆரோ நின்றார்கள். மூர்த்தி வீட்டில் இருக்கும்போது அந்தக் கற்களில் அவள் கால் வைத்தது அதுதான் முதல். நீல வயரைப் பார்த்துக்கொண்டே, அது போன வழியில் நடந்து, குசினிக் கதவைத் தட்டினாள்.

உள்ளே நடை நின்றது.

"ஆரது?"

"நான் றஸ்னா," என்றாள். "அந்த ஒரு சுவிச்ச மட்டும் நிப்பாட்டாதீங்க."

திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.