உவனை எங்கே நிறுத்துவது

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் பொய் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. ஆகவே இனி என் பெயர் நமசிவாயம். தபாற் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் முத்திரை குத்தி, சென்ற வருடம், 1975இல், வேலையிலிருந்து இளைப்பாறியவர். அவர் குத்திய கடிதங்களை அடுக்கினால் நிலவைத் தொடும். (சரி, தென்னையைத் தொடும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஏழு கடலுக்கு அப்பால், காற்றுவிழுங்கி என்றொரு பூதம்…’

ஏழு கடல் எதற்கு? வல்வெட்டித்துறைக் கடல் ஒன்றே போதும்.

இரண்டாம் முயற்சி:

‘நாளை சோளகக் காற்று எழும்பும் என்று ஊருக்கு வாக்களித்த காற்றுவிழுங்கி, அந்தக் காற்றை ஒரே மிடறில் விழுங்கிவிட்டது. அதன் வாக்கை நம்பிப் பாயேற்றிய வள்ளம் நடுக்கடலில்…’

இந்த இடத்தில் நமசிவாயத்தின் பேனை எப்போதும் நின்றுவிடும். குசினிக்குள்ளிருந்து மனைவி பத்மாவதி கேட்பார்: “உந்தப் பூதம் ஏன் உங்களை மாதிரியே மூக்குத்தூள் போடுது?”

3

(வாசகருக்கு மட்டும். 1962இல் நமசிவாயம் தேநீர்க்கடையில் நாலு பேர் வாய்பிளக்க, “நாளைக்குச் சோளகம் எழும்புதாம், தந்தி வந்திருக்கு” என்றார். தந்தி என்றால் அந்நாளில் வேதவாக்கு. வந்ததோ ஒன்றுமில்லை. நம்பிப் பாயேற்றினார் வள்ளக்காரர் ஏரம்பு. காற்று வரவில்லை. நீரோட்டம் வள்ளத்தைக் கடலடிப் பாறையான பாரில் மோதவைத்தது. வள்ளம் போயிற்று, ஏரம்புவின் வலது கால் அன்று முதல் நொண்டி. தந்தி பொய்த்துவிட்டது என்றே அவர் நினைத்திருக்கிறார்.)

அந்த ஏரம்பண்ணைதான் தினமும் பின்னேரம் நாலு மணிக்குத் தடியூன்றி வந்து, பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்தபடி இந்தக் கதையைக் கேட்கிறார். அறுபது தாண்டிய நமசிவாயத்தைத் ‘தம்பி’ என்றழைக்க இந்த உலகில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. உண்மையைச் சொன்னால் அந்தச் சொல் போய்விடும்.

4

முடிவு, ஒன்று: சாபம் பெற்றுக் காற்றுவிழுங்கி கல்லாகிறான். ஊர் பூச்சாத்துகிறது.

“கல்லுக்குப் பூ வைக்கலாம், தம்பி. ஏச ஏலாது. ஏச ஏலாததை எப்பிடி மன்னிக்கிறது?”

முடிவு, இரண்டு: அவன் ஆயிரம் வள்ளங்களைக் காப்பாற்றி உயிர்விடுகிறான்.

“செத்தவனை மன்னிக்கிறது சும்மா வேலை. உவன் வந்து முற்றத்திலை நிண்டு சொல்லட்டும்.”

“அவன், அண்ணை. பூதம் தூரத்திலை நிக்குது.”

“எனக்கு உவன்தான்.”*

* கடல் கடந்த வாசகர்கள் இதை எழுத்துப்பிழை என்பார்கள். அல்ல. அவன், தொலைவில் நிற்பவன். இவன், சொல்பவன் பக்கத்தில். உவன், கேட்பவன் பக்கத்தில். இதை நமசிவாயம் பள்ளியிலேயே படித்தவர். பேசியது ஏரம்பண்ணை, கேட்டது தாம் என்பதை மட்டும் யோசிக்கத் தவறிவிட்டார்.

5

நேற்று.

“உவன் ஏன் காத்தை விழுங்கினவன்?”

“பெருமைக்கு, அண்ணை.”

“அவ்வளவு காத்தையும் வைச்சிருக்க வயிறு நோகேல்லையோ?”

“நொந்தது. பதினாலு வருசமா.”

கதையில் ஆயிரம் ஆண்டுகள். வாழ்நாளில் முதல்முறையாக நமசிவாயம் ஓர் எண்ணைப் பெருக்காமல் சொல்லிவிட்டார். குசினியில் சட்டி கழுவும் சத்தம் நின்றது.

ஏரம்பண்ணை பனங்கட்டியை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“அப்ப அண்டைக்குத் தந்தி…”

“வரேல்லை, அண்ணை. ஒரு தந்தியும் வரேல்லை. நான் சும்மா சொன்னனான்.”

கோப்பையில் இருந்ததை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தடியை எடுத்தார். படலைவரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

“இப்பவெண்டாலும் ஏப்பம் விட்டிட்டான் உவன்,” என்றார். பிறகு, “வாறன்.”

6

நமசிவாயம் போகட்டும். இனி நான்.

எங்களூரில் போகிற எல்லோரும் ‘வாறன்’ என்றுதான் சொல்வார்கள், திரும்பி வராதவர்களும். அவர் ‘வாறன், தம்பி’ என்று சொல்லவில்லை. இரவு முழுக்க ஞாபகப்படுத்திப் பார்த்துவிட்டேன். ஒரு கோடி முறை. (இந்தக் கணக்கு மிகையில்லை.)

இன்றைக்கு நாலு மணியாக ஐந்து நிமிடம். கேளாமலே பத்மாவதி இரண்டு கோப்பை வைத்திருக்கிறாள். பக்கத்தில் பனங்கட்டி, வழக்கத்தைவிடப் பெரிய துண்டு. படலை திறந்தாலும் திறக்காவிட்டாலும், பதினான்கு வருடம் எனக்குத் தம்பி என்ற பெயரைத் தந்தவருக்கு நன்றி. அதை எழுதத்தான் இத்தனை பூதமும் தேவைப்பட்டது.

மூன்றாம் முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பெருக்கிவிடுவேன். தாள் உங்கள் கைக்கு வந்துவிட்டது. பூதமும் தாளோடு வந்து உங்கள் முற்றத்தில்தான் நிற்கிறது.

உவனுக்கு நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?