மனச்சோர்வுச் சான்றிதழ்

இத்தாலியின் துரின் நகரத்தில் அந்த வசந்தத்தில் திடீரென்று எல்லோருக்கும் மனச்சோர்வு வந்துவிட்டது. டாக்டர் போன்ஃபாந்தேயின் கிளினிக்கில் வேலை பார்த்த தெல்ஃபீனாவுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். சான்றிதழ்களைத் தட்டச்சு செய்தது அவள்தான். ‘கடுமையான மனச்சோர்வினால் பாதிக்கப்பட்டிருப்பதால் பொதுக் கடமை எதையும் ஏற்கும் நிலையில் இல்லை.’ மூன்று வாரத்தில் பதினோரு முறை இதே வாக்கியத்தை அடித்திருந்தாள். வந்தவர்களில் ஒரு கசாப்புக்கடைக்காரர் கையெழுத்து வாங்கிய கையோடு தன் படகுப் பயணத்தைப் பற்றிச் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். தலைமறைவு ஆயுதக் குழு ஒன்றின் ஆட்கள் பதினைந்து பேர் சிறையில் இருந்தார்கள். அவர்களை விசாரிக்க நீதிபதிகள் இருவரோடு பொதுமக்களில் ஆறு பேர் உட்கார வேண்டும் என்பது சட்டம். சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பார்கள். ஆறு பேர் கிடைக்காவிட்டால் விசாரணை கிடையாது. வெளியே இருந்த குழுவினர், உட்காருபவர்களைச் சுடுவோம் என்று துண்டறிக்கை விட்டிருந்தார்கள். வெறும் பேச்சில்லை என்று காட்ட ஒரு வழக்கறிஞரை அவருடைய அலுவலக வாசலிலேயே சுட்டுப் போட்டிருந்தார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தெல்ஃபீனாவின் பெயருக்கே நீதிமன்றக் கடிதம் வந்தது. கட்டடக் காவல்காரி எர்சீலியா அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். உறையின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்ததைத் தெல்ஃபீனா கவனித்தாள்.

கணவன் செகோந்தோ டயர் தொழிற்சாலையில் வேலை செய்பவன், அதிகம் பேசாதவன். கடிதத்தைப் படித்துவிட்டு, டாக்டரிடம் சான்றிதழ் வாங்கு என்று மட்டும் சொன்னான். பார்க்கலாம் என்றாள். அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது சாப்பாட்டு மேசையில் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில் கிளினிக் தொலைபேசி ஒலித்தது. ஓர் ஆண்குரல், மிகவும் மரியாதையான குரல்.

“சிஞ்ஞோரா, நீங்க நீலக் கோட்டு போட்டுக்கிட்டு பத்தாம் நம்பர் டிராம்ல வர்றீங்க. வியாழக்கிழமை ஆனா மொன்காலியேரில இருக்கிற உங்க தங்கச்சி வீட்டுக்குப் போறீங்க. நல்ல குடும்பம். உடம்பு சரியில்லாம போயிடுங்க, அதான் எல்லாருக்கும் நல்லது.”

வைத்துவிட்டான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டாவது சான்றிதழை அடித்தாள். இந்த முறை பெயர் அவளுடையது. டாக்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார். “யாரும் உங்களைத் தப்பா நினைக்கமாட்டாங்க தெல்ஃபீனா. என் பேரு வந்திருந்தா நானே எனக்கு எழுதிக்கிட்டிருப்பேன்,” என்றார். அவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

அதன் பிறகு அவளுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். கடிதம் வந்தது யாருக்குத் தெரியும்? வியாழக்கிழமை விஷயம் யாருக்குத் தெரியும்? எர்சீலியா கூட்டிப் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தால் சந்தேகம். டிராமில் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்திருப்பவன் மேல் சந்தேகம். சுற்றிச் சுற்றி அவள் மனம் கடைசியில் மாடிவீட்டு வாடகைக்காரன் மேல் போய் நின்றது. காவினோ பின்துஸ், சார்தீனியாத் தீவுக்காரன், தாடி வைத்தவன். வந்து மூன்று மாதம்தான். அவனைப் பார்க்க யாரும் வருவதில்லை. மாலை முழுக்கத் தட்டச்சு இயந்திரத்தின் சத்தம். துண்டறிக்கைகளும் தட்டச்சில்தானே வருகின்றன? போன வாரம் படிக்கட்டில் நிறுத்தி, “சிஞ்ஞோரா, வியாழக்கிழமை வீட்ல இருப்பீங்களா?” என்று கேட்டிருந்தான். எரிவாயுக்காரர் வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று காரணமும் சொன்னான். இப்போது யோசித்தால் அந்தக் காரணமே அவளுக்குப் பொய்யாகப் பட்டது.

அடுத்த வார வெள்ளிக்கிழமை அவள் தெருமுனையில் இருந்த கராபினியேரி காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னாள். சனிக்கிழமை காலை நான்கு பேர் வந்து காவினோவை அழைத்துப் போனார்கள். திரைச்சீலையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவனுடைய ஒரு காலணியின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. பின்னால் ஒருவன் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அன்று பல நாள் கழித்து அவளுக்குப் பசித்தது.

மதியம் கஞ்சிப் பதத்தில் சூடான பொலென்தாவை, அந்த மக்காச்சோள மாவுக் களியை, கிளறிக்கொண்டே செகோந்தோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தொலைபேசியில் வந்த மிரட்டல், மாடிவீட்டுக்காரன், போலீஸ். சொல்லி முடித்துத் திரும்பினாள். அவன் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவன் இல்ல,” என்றான்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“போன் பண்ணது த்ராங்குவில்லோ. என்கூட வேலை செய்யறவன். நான்தான் பண்ணச் சொன்னேன்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான். அவள் பிடிவாதக்காரி, கடைசி நிமிடத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்தானாம். ஒரு சின்ன பயம் காட்டினால் வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தானாம். என்ன சொல்ல வேண்டும் என்று அவனே எழுதிக் கொடுத்தானாம்.

“துண்டறிக்கை விட்டவனுங்க செய்ய வேண்டிய வேலைய நீ அவனுங்களுக்காகச் செஞ்சிருக்க,” என்றாள்.

“நீ செத்துப்போனா நான் என்ன பண்றது? அதச் சொல்லு முதல்ல.”

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, எழுந்திரு என்றாள்.

காவல் நிலைய அதிகாரி இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். கணவன் மனைவி சேர்ந்து கதை மாற்றுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். த்ராங்குவில்லோவை வரவழைத்து, அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் நம்பினார். செகோந்தோ மேல் வழக்கு எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு அதைக் கைவிட்டார். காவினோவை மறுநாள் காலை விட்டார்கள். அவன் கால்நடை மருத்துவம் படிப்பவன். தட்டச்சில் இருந்தது ஆடுகளின் குளம்பு நோய் பற்றிய ஆய்வு.

காவல் நிலைய வாசலில் தெல்ஃபீனா அவனுக்காக நின்றாள். மன்னிப்புக் கேட்க எதையெதையோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். கடைசியில், நான்தான் சொன்னேன் என்று மட்டும் சொன்னாள்.

“தெரியும். உள்ள சொன்னாங்க,” என்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன. “டைப்ரைட்டர் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு. நான் கேட்டா தரமாட்டாங்க. நீங்க கேளுங்க, உங்க பேச்சைத்தான் நம்பறாங்களே.”

கேட்டாள். இரண்டு மணி நேரம் காத்திருந்து அதை வாங்கி, கனம் தாங்காமல் செகோந்தோவோடு சேர்ந்து தூக்கிவந்து, மாடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். காவினோ நன்றி சொல்லவில்லை. ஏப்ரலில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

காவினோ வெளியே வந்த மறுநாள், திங்கட்கிழமை, அவள் நீதிமன்றம் போனபோது சான்றிதழ் அவள் பையில்தான் இருந்தது. இப்போதுதான் உண்மையான பயம் வந்திருந்தது. த்ராங்குவில்லோ பொய், துண்டறிக்கை பொய்யில்லை. அழைக்கப்பட்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் பெயர் பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயரோடும் ஒரு காகிதம் வந்தது. நடுவில் ஒரு காகிதத்தை அவர் வாசித்தபோது அவளுக்குப் பழக்கமான வாக்கியம் காதில் விழுந்தது. ‘பொதுக் கடமை எதையும் ஏற்கும் நிலையில் இல்லை.’ பிறகு இன்னொன்று. அதே சொற்கள், அதே வரிசை. நான்காவது முறை எழுத்தரே இருமுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார். தலைமை நீதிபதி சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கி நிதானமாக அடுக்கினார். அவருடைய காதுகள் மட்டும் சிவந்துகொண்டே போயின.

தெல்ஃபீனாவுக்கு உடம்பு கூசியது. அத்தனையும் தன் விரல்கள் அடித்தவை.

அவள் பெயர் வந்ததும் எழுந்தாள். “தடை ஏதாவது இருக்கா, சிஞ்ஞோரா?” என்று தலைமை நீதிபதி கேட்டார். காகிதத்துக்காகக் கையை ஏற்கெனவே நீட்டியிருந்தார்.

“பயமா இருக்கு. வேற எதுவும் இல்ல,” என்றாள்.

“எனக்கும்தான்,” என்று அவர் கையை மடக்கிக்கொண்டார். “இப்படி வந்து உட்காருங்க.”

பிற்பகலுக்குள் அவளையும் சேர்த்து ஆறு பேர் தேறினார்கள். ஒரு பூகோள ஆசிரியை, ஒரு டிராம் ஓட்டுநர், ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர், இன்னும் இருவர். முதல் வாரம் அவர்கள் ஒருவரோடொருவர் பேசவே இல்லை. யார் யாருக்கு வேண்டியவர் என்று யாருக்குத் தெரியும்? கூண்டுக்குள் இருந்தவர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கத்தினார்கள், தெருப் பெயரையும் சேர்த்து. செகோந்தோ வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு தினமும் காலையில் நீதிமன்ற வாசல்வரை அவளோடு நடந்தான். ஏப்ரல் முழுக்க அவள் அவனோடு அளவாகத்தான் பேசினாள்.

ஜூனில் தீர்ப்பு வந்தது. பதினான்கு பேருக்குத் தண்டனை. ஒரு பெண்ணை விடுவித்தார்கள். அவளுக்கு எதிராக இருந்தது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் ஊகம் மட்டும்தான். தபால்காரர் கடைசிவரை அவளை விடுவிக்க ஒப்பவில்லை. தெல்ஃபீனாதான் மூன்று நாள் விடாமல் வாதாடினாள், பெரும்பான்மை அவள் பக்கம் திரும்பியது. அந்தப் பெண் உண்மையிலேயே குற்றமற்றவளா என்பது தெல்ஃபீனாவுக்குத் தெரியாது. விடுதலை என்று படிக்கப்பட்டபோது கூண்டிலிருந்து அந்தப் பெண் அவளைப் பார்த்த பார்வையில் நன்றியா ஏளனமா என்பதும் பிடிபடவில்லை.

வெளியே காவலர் வண்டி காத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செகோந்தோவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். பின்னால் யாரோ வருவதுபோல் காலடிச் சத்தம் கேட்டது. இருவருக்குமே கேட்டது. அவர்கள் நடையை மாற்றவில்லை.