மூணு மாசத் தூரம்

“வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதாம்மா?”

மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அப்படிக் கேட்டபோது, அம்சவல்லி சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அது கேட்கக்கூடிய விஷயம் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார்.

இப்போது ஊர்க்கோடித் தீட்டுக் குடிசையின் வாசலில் கூழுக்காகக் காத்து உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி திரும்பவும் நினைவுக்கு வந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. சரிவுக்கு மேலே வீட்டுக் களத்தில் புளி தட்டும் சத்தம் கேட்டது. மாமியார் மங்கம்மாள் ஒருத்தியாகவே தட்டுகிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு அடியும் மருமகள் முதுகில் போடுவதைப் போல விழுந்தது.

சின்ன மகள் பிறந்த பச்சை உடம்போடு சாமைக்கட்டு சுமக்கப் போனதில் வந்த கோளாறு அது. கட்டைத் தலையில் ஏற்றும்போது அடிவயிற்றில் ஏதோ நழுவியது. அப்புறம் குடத்தைத் தூக்கினாலும் இருமினாலும் கர்ப்பப்பை இறங்கி வந்து கையில் தட்டுப்பட்டது. பழந்துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதற்கப்புறமும் அவள் வருஷக்கணக்கில் மூட்டை சுமந்தாள். முகம் சுளித்தவன் அவள் புருஷன் ராஜவேலுதான். “கிட்ட வந்தாலே கொமட்டுது. போய் சரி பண்ணிக்கினு வா” என்றான். அவனே கூட்டிக்கொண்டும் போனான். இறங்கியதை மேலே ஏற்றி, தளர்ந்துபோன இடத்தை இழுத்துத் தைத்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய அன்று வார்டு நிறைய ஜனம். மாத்திரை கொடுத்த நர்சு சின்னப் பெண். ராஜவேலுவின் முகத்தைப் பார்க்காமல் கட்டில் கம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

“மூணு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாது. மூணு மாசம் தூரமா இருக்கணும். புரிஞ்சுதுங்களா?”

ராஜவேலு புரிந்ததாகத் தலையாட்டினான்.

மலையில் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. மாதவிலக்கான பெண் ‘தூரமானவள்.’ அவள் ஊர்க்கோடிக் குடிசையில் இருக்கவேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது, குடத்தைத் தொடக்கூடாது, புளியையும் சாமையையும் தொடக்கூடாது. குடிசைக்கு முன்னால் நட்டிருக்கும் கல்லைத் தாண்டி ஆண்பிள்ளை வரக்கூடாது, வந்தால் சாமிக் குற்றம்.

வீட்டுக்கு வந்ததும் ராஜவேலு தன் அம்மாவிடம் சொன்னான். “மூணு மாசம் தூரமா இருப்பாளாம்.”

“மூணு மாசமா?” மங்கம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். “இன்னாடா ஆபரேஷன் அது? மூணு மாசத்துக்கு ஒருத்தி தூரமா இருப்பாளா?”

அம்சவல்லிக்கு விளங்கிவிட்டது. அந்தச் சின்ன நர்சு கூச்சப்பட்டதை அவள் பார்த்திருந்தாள். அது அந்தத் தூரம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். ராஜவேலு அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

அப்படித்தான் அவள் இங்கே வந்தாள். புல் வேய்ந்த தாழ்வான குடிசை, மண்தரை, ஒரு பாய், நசுங்கிய அலுமினியத் தட்டு. பிள்ளைகள் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகும். சின்னவள் சில நாள் அழுவாள். அதுதான் பொறுக்க முடியாதது. மற்றபடி முதல் முறையாக அவள் உடம்பை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. தையல் போட்ட இடத்தில் சுரீரென்று இழுப்பது குறைந்துவந்தது. இருமினால் கையை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் இறங்கவில்லை.

மாதா மாதம் வருகிறவர்களில் மேல்வீட்டு புவனா ஒருத்திதான் அவளிடம் சிரித்துப் பேசுவாள். புதுசாகக் கல்யாணமானவள்.

“இன்னாக்கா, நாங்கெல்லாம் வந்து வந்து போறோம், நீ மட்டும் இங்க பர்மனென்ட் ஆயிட்ட?”

அவளிடம் மட்டும் அம்சவல்லி உள்ளதைச் சொன்னாள். புவனா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“யக்கா, அந்த நர்சம்மா எனக்கும் அப்பிடிச் சொல்லுவாளா?”

“அதுக்கு நீ வயித்த அறுத்துக்கணும்டி.”

“அறுத்துக்கினா போச்சு” என்றாள் புவனா.

ராஜவேலு சாயங்காலங்களில் கல் வரைக்கும் வருவான். சில நாள் குடித்திருப்பான். அன்றைக்கும் வந்தான்.

“இன்னாடி, இன்னும் முடியலியா?”

“மூணு மாசம்னுதான சொன்னாங்க?”

“ஊரே சிரிக்குது. ‘உன் பொண்டாட்டிய கோணி ஊசியில தெச்சி அனுப்பிட்டாங்களாமே’ன்றான் ஜீப்புக்கார ரஞ்சித்து. எனக்கு பொண்டாட்டி கீறாளா இல்லியா?”

“கீறேன். இங்கதான குந்திக்கினு கீறேன்.”

அவன் ஒரு கல்லை எடுத்து வீசினான். அது வாசலில் இருந்த தண்ணீர்ச் சட்டியில் பட்டு, சட்டி உடைந்தது. நட்டிருந்த கல்லைத் தாண்டி மட்டும் வரவில்லை. தண்ணீர் மண்ணில் ஓடுவதை அம்சவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றும் பெரிய நஷ்டமாகத் தோன்றவில்லை.

இரண்டாவது மாதம் தொடங்கிய சமயத்தில் நர்சம்மா ஷோபனா ஊருக்கு வந்தாள். மலைமேல் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளைகளுக்கு ஊசி போட வருகிறவள். ஊசிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கியவள் குடிசை வாசலில் அம்சவல்லியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“நீ ஆபரேஷன் பண்ணிக்கினவ தானே? இங்க இன்னா பண்ற?”

களத்திலிருந்தே மங்கம்மாள் குரல் கொடுத்தாள். “அவளுக்குத் தூரம், நர்சம்மா. மூணு மாசத் தூரம். உங்க ஆஸ்பத்திரியிலதான் சொல்லி அனுப்பினாங்க.”

ஷோபனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தோளில் இருந்த பெட்டி குலுங்கச் சிரித்தாள்.

“ஐயோ, அது இந்தத் தூரம் இல்லம்மா! புருஷன் பொண்டாட்டி தூரமா படுக்கணும்னு சொன்னது. இவளுக்குத் தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல!”

களத்தில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ராஜவேலு சிரிக்கவில்லை. ஷோபனாவும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தையல் போட்ட ஒடம்ப மண்ணுல போட்டு வச்சிருக்கீங்களே, சீழ் புடிச்சா யாரு பதில் சொல்றது? எந்தக் காலத்துல இருக்கீங்க? இப்பவே வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க.”

“நான் இங்கியே இருந்துக்கறேன் நர்சம்மா” என்றாள் அம்சவல்லி.

“நீ இன்னாத்துக்கு பயப்படற? நான்தான் சொல்லிட்டேன்ல.”

“இல்ல நர்சம்மா. எனக்கு இங்க நல்லாத்தான் இருக்குது.” அதற்கு மேல் அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஷோபனாவின் கண்ணையே பார்த்தாள். ஷோபனா களத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

“ராஜவேலு, இங்க பாருங்க. இன்னும் ரெண்டு மாசம் கிட்ட போவக் கூடாது. வெயிட்டும் தூக்க வைக்கக் கூடாது. தெரியுதா?”

“சரிங்க நர்சம்மா.”

ஷோபனா அம்சவல்லியின் பாயைத் தானே சுருட்டி, நசுங்கிய தட்டோடு கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்தாள். இன்னும் மூன்று ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏரிப் பக்கம் நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் மங்கம்மாள் புளிக் கூடையைக் காலால் தள்ளினாள்.

“தெரிஞ்சிக்கினேதான இருந்த? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? புளி நாளு முழுக்க ஒக்காந்து தின்னுட்டியேடி. குந்து. கொட்டைய எடு.”

அம்சவல்லி உட்கார்ந்து கொட்டை எடுத்தாள். கூடை நிறைந்ததும் தூக்காமல் இழுத்துக்கொண்டு போனாள். “மகாராணி மாதிரி இழுக்கறா பாரு” என்றாள் மங்கம்மாள். சின்னவள் மட்டும் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு அன்று முழுவதும் விடவில்லை.

பொழுது சாயும் நேரம் ராஜவேலு பிள்ளைகள் இரண்டையும் பீடி வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு அனுப்பினான். கடை அடுத்த ஊரில் இருந்தது. அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அம்சவல்லி அடுப்பை விட்டு எழுந்தாள்.

“வேணாம். நர்சம்மா கிட்ட நீயே சரின்னு சொன்ன.”

“அவளுக்குச் சொன்னேன்.”

“இன்னும் ஆறல. உள்ள தையல் கீது.”

“எதுக்குடி சரி பண்ணினது? வச்சி பூசை பண்ணவா? நான்தான கூட்டிக்கினு போனேன், நான்தான வராண்டாவுல படுத்துக் கெடந்தேன்?”

“வலிக்கும்.”

“இத்தினி வருஷம் வலிக்கல, இப்பத்தான் வலிக்குதா? அந்த டாக்டரு சொல்லிக் குடுத்தாளா?”

“அப்பவும் வலிச்சுது” என்றாள் அம்சவல்லி. “ஒரு தபா கூட நீ கேக்கல.”

அவன் கிட்டே வந்தான். அவள் தோளைப் பிடித்தான்.

வெளியே களத்தில் புளி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வலிக்கிறது என்று அம்சவல்லி சொன்னாள். திரும்பவும் சொன்னாள். மூன்றாவது முறை கத்தியே சொன்னாள். களத்தில் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒரு அடியும் விழவில்லை. அப்புறம் தட்டும் சத்தம் முன்னைவிட வேகமாகத் தொடங்கியது.

விடிந்தபோது வாசலில் ரஞ்சித்தின் ஜீப் நின்றது. கலசப்பாக்கம் மண்டிக்குப் போகும் புளி மூட்டைகளைப் பின்பக்கம் அடுக்கியிருந்தார்கள். ராஜவேலு குந்தி உட்கார்ந்து கடைசி மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தான். அம்சவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். காலில் ஈரம் வழிந்து கணுக்கால் வரை இறங்கியிருந்தது. சேலையின் பின்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. 

மங்கம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

“அடிப்பாவி, தீட்டோட வூட்டுக்குள்ள நிக்கிறியா? நேத்துதான அந்த நர்சு தூரம் இல்லன்னா?”

“இது தூரம் இல்ல அத்தை. தையல் பிரிஞ்சிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“மாசாமாசம் வர்றதுக்கு ஆஸ்பத்திரியா?”

“மாசாமாசம் வர்றது இல்ல.”

“பின்ன இது இன்னா?” மங்கம்மாள் ஜீப்பைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ரத்தம் கண்டா தூரந்தான். போ, குடிசைக்குப் போ. புளி போற நேரத்துல வந்து நிக்காத.”

“உன் மவனைக் கேளு அத்தை” என்றாள் அம்சவல்லி. “இது தூரமா இன்னான்னு அவனே சொல்லட்டும்.”

ராஜவேலுவின் கையில் ஊசி பாதித் தையலில் நின்றது. அவன் நிமிரவில்லை.  அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜீப் கீழேதான் போகிறது, ஆஸ்பத்திரி ரோட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

மங்கம்மாள் வாசலோரம் கிடந்த, குடிசையின் நசுங்கிய தட்டை எடுத்துவந்து அம்சவல்லியின் காலடியில் போட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

ரஞ்சித் முன்சீட்டிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். “யாருனா கீழ வர்றீங்களா? முன்னாடி ஒரு ஆளு குந்தலாம், எடம் கீது.”

ராஜவேலு ஊசியை வேகமாக இழுத்துத் தையலை முடித்தான். சணலைப் பல்லால் கடித்து அறுத்தான். மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய், ரஞ்சித்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் நிமிர்த்தி வைத்தான். வளைவில் சாய்ந்துவிடாமல் இருக்கக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். பின்னால் ஏறி மூட்டைகளின் மேல், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஜீப்பின் பக்கவாட்டை இரண்டு தடவை தட்டினான். ஜீப் கிளம்பியது.