பாசிமாலையில் விட்ட கம்பி

பெருக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடக்கண்ணு கண்ணாடிப் பெட்டியருகே வந்து நின்றார். சட்டைப் பையில் ஒரு சாண் நீள மெல்லிய கம்பி. நாலு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது.

தாமிரபரணிக் கரையில் மண்மூடிப்போன பழைய பட்டணத்தில் தோண்டியெடுத்த தாழிகளும் ஓடுகளும் பாசிமணிகளும் உள்ள ஒற்றை அறை அருங்காட்சியகம் அது. 1992இல் அங்கிருந்த சிவப்புக் கல் பாசிமாலை காணாமல் போனது. மறுநாளே காப்பாட்சியர் சிவசண்முகம் ஒரு மாலையோடு வந்தார். காவலாளி மாடக்கண்ணு வீட்டுக் கூரையில் செருகியிருந்ததாம். போலீசுக்குப் போகாமல் விட்டாராம், எவ்வளவு பெரிய மனசு! காவல் வேலையைப் பறித்துப் பெருக்க வைத்தார். மாடக்கண்ணுவின் மகளைப் பேசி முடித்திருந்த வள்ளியூர் மாப்பிள்ளை வீட்டார், திருடன் வீட்டுப் பெண் வேண்டாம் என்றார்கள்.

பெட்டிச் சாவி சிவசண்முகத்திடமே இருந்தது. அவர் ஓய்வு பெறும் நாளுக்காக மாடக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அன்றுதான் ஒவ்வொரு பொருளையும் வெளியே எடுத்து, புதிய அதிகாரி பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்.

இன்று அந்த நாள். புதிய அதிகாரி ராஜலக்ஷ்மி மாலையைக் கையில் எடுத்தார்.

"அம்மா, ஒரு நிமிசம். தோண்டுனப்போ அசல் மாலையைக் கோத்தவன் நான். அந்தக் காலத்துல ரெண்டு பக்கமும் இருந்து துளை போட்டிருக்காங்க. நடுவுல கோணலா இருக்கும், கம்பி இடிக்கும். இதுல விட்டுப் பாருங்க." மாடக்கண்ணு கம்பியை நீட்டினார்.

"ஏலே, தூத்துப் பெருக்குதவனுக்கு என்னலே பேச்சு?" என்று சீறினார் சிவசண்முகம்.

ராஜலக்ஷ்மி கம்பியை விட்டார். தடங்கலே இல்லாமல் மறுபக்கம் வந்தது. அடுத்த பாசியிலும் அப்படியே. எல்லாம் கடையில் விற்கும் கண்ணாடி மணி.

சிவசண்முகம் மாடக்கண்ணுவின் கையைப் பிடித்தார். "என் மாத்தல் ஆர்டரை நிப்பாட்ட அசல் மாலையை மேலதிகாரிக்குக் குடுத்துட்டேன். நான் புள்ளகுட்டிக்காரன்வே மாடக்கண்ணு, அம்மாகிட்ட விட்டுரச் சொல்லும்."

அவர் கெஞ்சுவதை மாடக்கண்ணு கண்குளிரப் பார்த்தார். "எனக்கும் புள்ள இருக்குவே. அன்னைக்கு நீரு நெனைச்சேரா?"

ராஜலக்ஷ்மி தயங்கினார். "இன்னைக்கு ரிட்டயர் ஆறவர்..."

"விடக்கூடாதும்மா. ரெண்டாயிரம் வருசம் மண்ணுக்குள்ள பத்திரமா கெடந்த ஊர்ச் சொத்து. அதை லஞ்சமாக் குடுத்தது ஒரு குத்தம். பழியை வாயில்லாதவன் தலையில போட்டது அதைவிடப் பெரிய குத்தம். வயசாயிட்டுன்னு விட்டா அடுத்தவனுக்கும் தைரியம் வந்துரும். எழுதுங்க. என் பேரையும் எழுதுங்க, மாடக்கண்ணு திருடலைன்னு."

ராஜலக்ஷ்மி பேனாவைத் திறந்தார். அவர் எழுதி முடிக்கும்வரை மாடக்கண்ணு பெருக்குமாற்றைத் தொடவில்லை.