கினிகத்தேனையில் நின்றுபோன பதில்

ஹட்டன் டவுனில், ஜன்னல் கண்ணாடியில் எப்போதும் பனி படிந்திருக்கும் மாடியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வகுப்பு அது. பயிற்சிக்காகக் கொடுத்த, செய்திகளுக்கு வழிகாட்டும் மூன்று ரௌட்டர் பெட்டிகளுக்கும் நான் ஊர்ப்பெயர் வைத்திருந்தேன். ஓரத்தில் எங்கள் பூண்டுலோயா, நடுவில் ஹட்டன், மறு ஓரத்தில் கினிகத்தேனை. பூண்டுலோயாவிலிருந்து கேட்டால் கினிகத்தேனை பதில் தரவேண்டும். மதியத்துக்குள் தராவிட்டால் கணேசமூர்த்தி சார் என்னைப் பரீட்சைக்கு அனுப்பமாட்டார். பரீட்சை இல்லையென்றால் கத்தார் வேலையும் இல்லை.

திரையில் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் வராத ஒரு பதில்.

"எங்க ஊருக்கு அனுப்புனா அப்புடித்தான்," என்றான் பக்கத்து மேசை இன்சாப். கினிகத்தேனையில் அவன் வாப்பாவுக்கு ஹோட்டல். "கொத்து ரொட்டி வாசத்துக்கு ஒக்காந்துருச்சு போல."

"நீ வேற! மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்."

"அவசரத்துல வயரப் புடுங்கிறாத புள்ள."

வயர்களில் குறையில்லை. கினிகத்தேனை ரௌட்டரைத் திறந்து பார்த்தேன். என் கேள்வி அங்கே பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. பதில்தான் புறப்படவில்லை.

கண்ணை மூடினேன். கினிகத்தேனை ரோட்டோரத்தில், மெல்லிய மழையில், என் பதில் தனியாக நிற்கிறது. பஸ்கள் பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வருகின்றன, கரைகின்றன. ஒரு கண்டக்டர் எட்டிப் பார்க்கிறார்.

"எங்க போவணும்?"

"பூண்டுலோயாவுக்குங்க."

"அப்புடி ஒரு ஊரு எனக்குத் தெரியாதே. ஹட்டன்தான் தெரியும்."

திடுக்கிட்டு விழித்தேன். எங்கே போய் வந்தாலும், ஹட்டனுக்கு வந்துவிட்டால் வீட்டுக்கு வந்த மாதிரி என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து நினைப்பு. அதே நினைப்பில், கினிகத்தேனைக்கு ஹட்டனைத் தெரிந்தால் போதுமென்று விட்டுவிட்டேன். ரௌட்டருக்கு அந்த நினைப்பு ஏது? போகவேண்டிய இடம் தெரியாவிட்டால் பதிலை அங்கேயே கீழே போட்டுவிடும்.

பூண்டுலோயாவுக்கு ஹட்டன் வழியாகப் போ என்று கினிகத்தேனை ரௌட்டரில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். மறுபடியும் கேட்டேன். புள்ளிகள் இல்லை. ஆச்சரியக்குறிகள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த ஒரு பதில்.

சார் என் பின்னால் நின்றார். "என்னம்மா பிரச்சினை?"

"திரும்பி வர்ற வழியச் சொல்லாம விட்டுட்டேங்க சார்."

அவர் ஒருமுறை தானே தட்டிப் பார்த்தார். "சரி. பரீட்சைக்குப் பேரக் குடுக்கவா?"

"குடுங்க சார்," என்றேன். என் குரல், வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்ட வேறு யாருடையதோ போல, வெகுதூரத்துப் பனிக்குள்ளிருந்து வந்தது.